ரேஸிங் கேமில் ஓடும் கார் யாருக்குச் சொந்தம்?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். 2026 மே 19 அன்று வெளியாவதாக அறிவிக்கப்பட்ட கார் பந்தய கேம் ஃபோர்சா ஹொரைசன் 6, களம் ஜப்பான். "கார் லிஸ்ட் கசிந்தது" என்று இணையத்தில் நாலைந்து பட்டியல்கள் சுற்றுகின்றன, ஒன்றில் இருக்கும் கார் இன்னொன்றில் இல்லை. எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, நூற்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் காரில் கீறல் மட்டும் விழுவது ஏன், பாடி கிட் (காரின் வெளித்தோற்றத்தை மாற்றும் பாகங்கள்) சில கார்களுக்கு மட்டும் கிடைப்பது ஏன், நான்காவது பாகம் கடையிலிருந்தே காணாமல் போனதுபோல் இதுவும் போய்விடுமா, முன்பதிவு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஐந்து கேள்விகள். என் கணக்கில் ஒரே கேள்விதான்: கேமுக்குள் நாம் ஓட்டுகிற அந்தக் கார் யாருக்குச் சொந்தம்?

நான் பெங்களூருவில் ஒரு அவுட்சோர்சிங் ஸ்டுடியோவில் ஒன்பது ஆண்டுகள் கார் மாடலிங் செய்தவன். வெளிநாட்டு கேம் நிறுவனங்கள் போட்டோக்களையும் வரைபடக் கோப்புகளையும் அனுப்பும். அதை வைத்து விளையாட்டுக்குள் ஓடும் காரை நாங்கள் கட்டிக் கொடுப்போம். உரிம ஒப்பந்தத் தாள் என் கண்ணில் பட்டதில்லை. அதிலிருந்து பிறந்த கட்டளைகள்தான் தினமும் என் மேசைக்கு வரும். அதனால் எந்த நிறுவனம் எவ்வளவு பணம் வாங்குகிறது என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. நான் வழக்கறிஞரும் இல்லை. கீழே வரும் தீர்ப்புகளை ஆர்வத்தால் படித்தவன், அவ்வளவுதான். ஆனால் "இந்த பம்பர் இவ்வளவுதான் நசுங்கலாம்" என்று சொல்கிற தாள் எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குடியிருப்பது நாம், செலவு செய்து அழகாக்குவதும் நாம். ஆனால் சுவரில் ஆணி அடிக்க ஓனரைக் கேட்க வேண்டும், பெயின்ட் நிறத்தை மாற்றக் கேட்க வேண்டும், அக்ரிமென்ட் முடிந்தால் காலி செய்ய வேண்டும். கேமில் இருக்கும் காரும் அப்படித்தான். காரின் பெயர், முத்திரை, முன்பக்கத் தோற்றம் எல்லாம் கார் நிறுவனத்துடையவை. கேம் நிறுவனம் அவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட பயன்பாட்டுக்குக் குத்தகைக்கு எடுக்கிறது. நீங்கள் கேட்ட ஐந்துக்கும் விடை இந்தக் குத்தகைக்குள்ளேயே கிடைத்துவிடும்.

முதலில், ஒரு கார் எப்படி உள்ளே வருகிறது என்பதை அருகில் இருந்து காட்டுகிறேன். புதிய கார் என்றால் பல நேரம் நிறுவனமே தன் பொறியியல் வரைபடக் கோப்பைக் கொடுக்கும். அதில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் இருக்கும். கேமுக்கு அது யானைக் கனம். அதை ஓடும் அளவுக்குக் குறைப்பதே பல வார வேலை. பழைய கார் என்றால் கோப்பு கிடையாது. யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருக்கும் அசல் காரைத் தேடிப் பிடித்து, லேசர் ஸ்கேன் எடுத்து, பானெட்டுக்குள், சக்கரத்துக்கு மேலே, டேஷ்போர்டுக்குக் கீழே என்று நூற்றுக்கணக்கில் படம் எடுத்து அனுப்புவார்கள். சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்வார்கள். இன்ஜின் பக்கம் ஒரு மைக், சைலன்சர் பக்கம் ஒரு மைக், உள்ளே ஓட்டுநர் காதருகே ஒரு மைக். மாடல் முடிந்ததும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து கார் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்று சொன்னால்தான் கார் உள்ளே போகும்.

ஒருமுறை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஏழு வாரம் உட்கார்ந்து செய்தேன். திரும்பி வந்த தாளில் முன் கிரில்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரே ஒரு வரி: இந்த ஆண்டு மாடலுக்கு இந்த கிரில் கிடையாது. படங்களை மறுபடி பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு குறுக்குப் பட்டைகள், நான் செய்ததும் பன்னிரண்டு. கடைசியில் தெரிந்தது: படம் எடுக்கப்பட்ட காரின் சொந்தக்காரர் என்றோ ஒரு நாள் முன்பக்கம் அடிபட்டு, அடுத்த வருட மாடலின் கிரில்லை வாங்கி மாட்டியிருக்கிறார். அசலில் பதினொன்று. மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒரு பட்டையை எண்ணிக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அந்த நிறுவனத்தில் ஒருவர் அந்தக் காரை நேசித்திருக்கிறார். அன்று முதல் "லைசென்ஸ் அப்ரூவல்" என்ற சொல்லை நான் வெறும் அலுவலகச் சடங்காக நினைத்ததில்லை.

இப்போது பட்டியல்களுக்கு வருவோம். உறுதியாகத் தெரிந்தவை இவை: 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் இந்த விளையாட்டு அறிவிக்கப்பட்டது. களம் ஜப்பான், அதில் டோக்கியோ நகரமும் உண்டு. முதலில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ், கணினி ஆகியவற்றுக்கு, பிறகு பிளேஸ்டேஷன் 5-க்கு. தொடக்கத்தில் 550-க்கும் மேற்பட்ட கார்கள் என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அட்டைப் படத்தில் இருப்பவை ஜிஆர் ஜிடி முன்மாதிரியும் 2025 லேண்ட் குரூஸரும். இரண்டுமே டொயோட்டா. ஆகவே "டொயோட்டா வருமா?" என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. அட்டையில் வைக்கிற அளவுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பின்கதை தெரிந்தால்தான் புரியும். 2018-ல் ஃபோர்சா ஹொரைசன் 4 வெளியானபோது அதில் டொயோட்டாவின் சுப்ரா இல்லை. ஸ்ட்ரீட் ரேஸிங் ரசிகர்கள் சாமி படம்போல் வைத்துக் கும்பிடும் கார் அது. 2019-ல் நீட் ஃபார் ஸ்பீடு ஹீட் என்ற தெருப் பந்தய கேம் வரவிருந்த நேரம், அதில் சுப்ரா ஏன் இல்லை என்று ஒரு ரசிகர் கேட்க, டொயோட்டாவின் பிரிட்டன் கிளை ட்விட்டரில் பதில் சொன்னது: எங்கள் கார்கள் கிரான் டூரிஸ்மோ என்ற பந்தய கேமில் கிடைக்கும், அது சட்டத்துக்குப் புறம்பான தெருப் பந்தயத்தை ஊக்குவிப்பதில்லை என்ற பொருளில். அந்தப் பதிவு பெரிய சலசலப்பைக் கிளப்பியது. எங்கள் ஸ்டுடியோவில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினோம், ஏனென்றால் வழக்கமாக மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சு அன்று வெளியே கேட்டுவிட்டது. பிறகு டொயோட்டா ஃபோர்சா ஹொரைசன் 4-க்குத் திரும்பி வந்தது. மிட்சுபிஷியும் அப்படித்தான்: அதே விளையாட்டின் தொடக்கத்தில் இல்லை, மறு வருடம் வந்தது. இன்று டொயோட்டா அட்டைப் படத்தில். இடையில் மாறியது கார் நிறுவனத்தின் கணக்கு. ஜிஆர் என்ற பெயரில் ஸ்போர்ட்ஸ் கார்களை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க நினைக்கும் நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட கேம் ஒரு பெரிய ஷோரூம்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் எடுத்துக்கொள்ளலாம். அதிகாரபூர்வ டிரெய்லரிலோ படத்திலோ ஒரு கார் வந்துவிட்டால், அந்த நிறுவனத்தின் கையெழுத்து விழுந்துவிட்டது என்று நம்பலாம். அனுமதி வராத காரை விளம்பரத்தில் காட்டும் துணிச்சல் இந்தத் தொழிலில் யாருக்கும் இல்லை. ஆனால் டிரெய்லரில் ஒரு கார் வராததால் அது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பேச்சுவார்த்தை வெளியீட்டுக்குச் சில மாதம் முன்புவரை நடக்கும், சில நேரம் வெளியீட்டுக்குப் பிறகும் நடக்கும். ஃபோர்சா ஹொரைசன் 5 வந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, 2023-ல்தான் ஆல்ஃபா ரோமியோவும் லான்சியாவும் அதற்குள் வந்தன. கசிந்த பட்டியல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பாகத்துக்குச் செய்த மாடல்கள் கோப்புகளுக்குள் தூங்கிக்கொண்டே இருக்கும், அவற்றின் பெயரைப் பார்த்து "உறுதியானது" என்று யாராவது எழுதிவிடுவார்கள். மாடல் இருப்பது வேறு, அதைக் காட்ட அனுமதி இருப்பது வேறு. நான் முடித்துக் கொடுத்த கார்களில் இரண்டு இன்றுவரை எந்த விளையாட்டிலும் வெளிவரவில்லை.

ஒப்பந்தம் பட்டியலை எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதற்குப் போர்ஷே கதையைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் போர்ஷேயுடன் தனியுரிமை ஒப்பந்தம் போட்டது. அதன் நீட் ஃபார் ஸ்பீடு வரிசையில் முழுக்க முழுக்க போர்ஷே கார்களுக்கே ஒரு பாகம் அந்த ஆண்டு வந்தது. 2016 கடைசிவரை அந்த ஒப்பந்தம் நீடித்தது. அந்தக் காலத்தில் வேறு யாராவது போர்ஷேயைத் தங்கள் விளையாட்டில் வைக்க விரும்பினால் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் போய்த்தான் கேட்க வேண்டும். சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. கிரான் டூரிஸ்மோ எடுத்த வழி அழகானது. ஜெர்மனியின் பவேரியாவில் பிஃபாஃபன்ஹௌசன் என்ற சிற்றூரில் ரூஃப் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. போர்ஷேயின் வெறும் உடற்கூட்டை வாங்கித் தன் சொந்த காராகக் கட்டும். ஜெர்மன் அரசு அதைத் தனி கார் உற்பத்தியாளராகவே அங்கீகரித்திருக்கிறது. ரூஃபிடம் கையெழுத்து வாங்கினால் போதும், போர்ஷே 911-இன் அதே தவளை முகம், அதே பின்பக்க இன்ஜின், பெயர் மட்டும் வேறு. ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு ரூஃபின் "யெல்லோபேர்ட்" காவிய வாகனமாக ஆனதற்கு இந்த ஒப்பந்தச் சிக்கலும் ஒரு காரணம்.

ஃபோர்சாவும் இதில் மாட்டியது. ஹொரைசனுக்கு மூத்த வரிசையான ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்டின் மூன்றாம் பாகத்தில் போர்ஷே இருந்தது. 2011-ல் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் 4 வந்தபோது இல்லை. மறு ஆண்டு மே மாதம் பேச்சு முடிந்து, தனிக் கட்டணத்துக்கான கூடுதல் தொகுப்பாக வந்தது. 2017-ல் எல்லாக் கதவும் திறந்தது. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டில் வரலாற்றில் முதன்முறையாகப் போர்ஷே ஓடியது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் அறிவித்து, புதிய 911 ஜிடி2 ஆர்எஸ் காரையே எக்ஸ்பாக்ஸ் மேடையில் வைத்துத் திரை விலக்கியது. கார் கண்காட்சியில் நடக்க வேண்டிய சடங்கு கேம் மேடையில் நடந்தது. கார் நிறுவனத்துக்கும் கேம் நிறுவனத்துக்கும் இடையே யாருக்கு யார் தேவை என்பது அப்போதே மாறத் தொடங்கிவிட்டது.

"அனுமதி வாங்காமல் காரை வைத்தால் என்ன ஆகும்?" என்று சிலர் கேட்பதுண்டு. இதை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன், ஏனென்றால் இங்கே நான் மாணவன்தான். அமெரிக்காவில் ஹம்வீ ராணுவ வாகனத்தைச் செய்யும் ஏஎம் ஜெனரல் நிறுவனம், கால் ஆஃப் டியூட்டி என்ற போர் விளையாட்டில் தன் வண்டியைக் காட்டியதற்காக அதை வெளியிட்ட ஆக்டிவிஷன்மீது வழக்குப் போட்டது. 2020 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றம், அது கலைப் படைப்பின் கருத்துச் சுதந்திரத்துக்குள் வரும் என்று ஆக்டிவிஷன் பக்கம் நின்றது. ஐரோப்பாவில் ஒரு பொம்மை கார் வழக்கு சுவையானது. ஜெர்மனியின் ஆடெக் நிறுவனம் ஓப்பல் ஆஸ்ட்ராவை 24-இல் ஒரு பங்கு அளவில் ரிமோட் காராகச் செய்து, கிரில்லில் ஓப்பலின் மின்னல் முத்திரையையும் வைத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய்த் திரும்பி, 2010-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றத்தில் ஓப்பல் தோற்றது. பொம்மை வாங்குபவர் அந்த மின்னலை அசல் காரின் சாயலாகத்தான் பார்ப்பார், பொம்மையைச் செய்தது ஓப்பல் என்று எண்ண மாட்டார் என்பது நியாயம்.

இவற்றைப் படித்துவிட்டு "அப்படியானால் உரிமமே தேவையில்லை" என்று முடிவுக்கு வர வேண்டாம். 2023-ல் ஜாக் டேனியல்ஸ் என்ற விஸ்கி நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தக் கலைச் சுதந்திரப் பாதுகாப்பு எந்த இடத்தில் செல்லாது என்று எல்லை போட்டுவிட்டது. ஹம்வீ அந்த விளையாட்டில் பின்னணிப் பொருள். ஃபோர்சாவிலோ கார்தான் கதாநாயகன், அட்டையிலும் அதுவே. ஆபத்து எடை வேறு. அதோடு, வழக்கில் ஜெயித்தாலும் வரைபடக் கோப்பு கிடைக்காது, பதிவு செய்ய அசல் கார் கிடைக்காது, மேடையில் காரை நிறுத்த ஆள் வராது. நான் வேலை செய்த ஒன்பது ஆண்டில் ஒரு அசல் காரைக்கூட அனுமதியில்லாமல் தொட்டதில்லை. அனுமதி வேண்டாம் என்று நினைப்பவர்கள் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வழியில் போய்விடுவார்கள்: பெயரையும் முத்திரையையும் கற்பனையாக வைத்து, இரண்டு மூன்று அசல் கார்களைக் கலந்து புதிதாக ஒன்று வரைந்துவிடுவார்கள்.

கார் நசுங்குவதைப் பற்றிய கேள்விக்கும் இங்கேதான் வேர். எங்களுக்கு ஒவ்வொரு காருடனும் சேதக் குறிப்பு என்று ஒரு தாள் வரும். பெயின்ட் கீறலாம், பம்பர் கழன்று தொங்கலாம், பானெட் மடியலாம், கண்ணாடி விரிசல் விடலாம். ஆனால் கூரையைத் தாங்கும் தூண்கள் வளையக் கூடாது. கதவு உள்வாங்கக் கூடாது. ஓட்டுநர் உட்காரும் கூடு அப்படியே இருக்க வேண்டும். நெருப்பு கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், ஆனால் கூடு என்கிற இடத்தில் யாரும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எங்கள் காரில் போனவர் செத்தார் என்ற காட்சி ஒரு சிறுவன் மனதில் பதியக் கூடாது என்பதுதான் அவர்கள் நிலை. காரை விற்பவருடைய இடத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான். எங்கள் அணியில் முன்பு டிங்கரிங் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். சேத மாடல்களை அவரிடம்தான் கொடுப்போம். மட்கார்டு எங்கே முதலில் மடியும், தகடு எந்தக் கோட்டில் கிழியும் என்று அவர் விரலால் காட்டியபடி செய்தால் அவ்வளவு உயிராக இருக்கும். அவர் செய்ததில் பாதி, தாளைப் பார்த்துத் திரும்ப நேராக்கப்பட்டது.

ஆனால் பழியை முழுக்க ஒப்பந்தத்தின்மேல் போடுவதும் சரியில்லை. 550 கார்களுக்கும் ஆழமான சேதம் செய்வதென்றால் ஒவ்வொரு காருக்குள்ளும் மறைந்திருக்கும் பாகங்களைக் கட்ட வேண்டும், அதை ஓட்டும் கணக்கையும் கருவி தாங்க வேண்டும். பீம்என்ஜி டிரைவ் என்ற விளையாட்டைப் பாருங்கள். உலோகம் நிஜமாக மடிவதுபோல் மடியும். அங்கே உள்ள கார்கள் கற்பனைப் பெயர் கொண்டவை, எண்ணிக்கையும் குறைவு. பர்ன்அவுட் வரிசையும் ரெக்ஃபெஸ்டும் கற்பனை கார்களோடு நின்றதற்கும் இந்தச் சுதந்திரம் ஒரு காரணம். அசல் பெயர், ஆழமான சேதம், நூற்றுக்கணக்கான கார்கள்: மூன்றில் இரண்டைத்தான் ஒரே நேரத்தில் கேட்க முடியும். ஹொரைசன் எப்போதும் முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்திருக்கிறது. ஆறாம் பாகத்திலும் அதையே எதிர்பாருங்கள். இது என் கணிப்பு, அறிவிப்பு அல்ல.

பாடி கிட் விஷயத்தில் ஒரே காருக்கு இரண்டு வீட்டு ஓனர்கள் வந்துவிடுகிறார்கள். அகலமான மட்கார்டு, பெரிய ஸ்பாய்லர் எல்லாம் லிபர்ட்டி வாக், ராக்கெட் பன்னி போன்ற ஜப்பானியப் பட்டறைகளின் வடிவமைப்பு. அதை வைக்க அவர்களிடம் தனியாக அனுமதி வேண்டும். பிறகு, தன் காரை இப்படி வெட்டி ஒட்டுவதற்குக் கார் நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். இரண்டில் ஒருவர் மறுத்தாலும் அந்த கிட் அந்தக் காருக்குக் கிடையாது. நீங்கள் பார்த்த "சில கார்களுக்கு மட்டும்" என்ற ஓரவஞ்சனை இப்படித்தான் பிறக்கிறது. பந்தயக் கார் என்றால் இன்னும் தலைவலி: கார் நிறுவனம், பந்தய அணி, போட்டித் தொடர், உடம்பெல்லாம் ஒட்டியிருக்கும் விளம்பரதாரர்கள் என்று ஒரு ஸ்டிக்கருக்கு ஒரு கையெழுத்து. பழைய ஃபார்முலா ஒன் கார்களில் சிகரெட் நிறுவனத்தின் பெயர் இருந்த இடம் வெறும் பட்டையாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். களம் ஜப்பான் என்பதால் இந்த முறை பட்டறை வடிவமைப்புகள் அதிகமாக வரும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் எந்தக் காருக்கு எது என்று யாராவது இன்றே அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக, கடையிலிருந்து காணாமல் போவது. இதில் நாள்கணக்கே பேசுகிறது. முதல் ஹொரைசன் 2012 அக்டோபரில் வந்து 2016 அக்டோபரில் விற்பனையிலிருந்து நீங்கியது. இரண்டாவது 2014 செப்டம்பர் முதல் 2018 செப்டம்பர் வரை. மூன்றாவது 2016 செப்டம்பர் 27 அன்று வந்து, சரியாக 2020 செப்டம்பர் 27 அன்று போனது. நாலு வருட அக்ரிமென்ட் என்று இதைப் பார்க்கிற யாருக்கும் தோன்றும். நீங்கள் தவறவிட்ட நான்காவது மட்டும் ஆறு ஆண்டு தாக்குப்பிடித்து, 2024 டிசம்பர் 15 அன்று நீங்கியது. ஆகவே ஆறாவதும் ஒருநாள் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த ஆண்டு என்பதைத்தான் சொல்ல முடியாது. கார் மட்டும் காரணம் ஆவதில்லை, பாட்டுக்கும் இதே குத்தகைதான். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4-ன் ரேடியோவிலிருந்து 2018-ல் பல பாடல்கள் இப்படித்தான் மறைந்தன.

விற்பனை நிற்பதையும் விளையாட்டு சாவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஹொரைசன் 4-ஐ முன்பே வாங்கியவர்கள் இன்றும் தரவிறக்கி விளையாடுகிறார்கள். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் தி க்ரூ என்ற பந்தய விளையாட்டு அப்படி இல்லை. 2023 டிசம்பரில் விற்பனை நின்றது, 2024 மார்ச் 31 அன்று சர்வரும் நின்றது. தனியாக விளையாடக்கூட இணையம் தேவைப்பட்ட விளையாட்டு என்பதால் பணம் கொடுத்தவர் கையிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கோபத்தில் பிறந்த "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பாவில் 2025-ல் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து விழுந்தது. நான் செய்த கார்களில் சில, இன்று யாராலும் வாங்க முடியாத விளையாட்டுகளுக்குள் இருக்கின்றன. என் மகளுக்கு ஒருநாள் காட்ட வேண்டும் என்று அந்த வட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன். அதனால் இந்த மனுமேல் எனக்கு நடுநிலை கிடையாது. விற்றுவிட்ட பொருளைப் பறிக்கக் கூடாது என்பதே என் பக்கம்.

உங்கள் முன்பதிவுக் கேள்விக்கு: அவசரம் வேண்டாம். தரவிறக்கும் பொருள் தீர்ந்து போகாது, முதல் நாள் கார் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் நஷ்டம் இல்லை. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் என்ற விளையாட்டுச் சந்தாவில் அல்டிமேட் அல்லது பிசி திட்டம் ஏற்கெனவே இருந்தால் முதல் நாளே அதில் வருகிறது, அதில் ஓட்டிப் பாருங்கள். ஆனால் பிடித்துப் போனால், சந்தாவை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். விற்பனை நிற்கும்போது சந்தாவிலிருந்தும் அது போய்விடும். இரண்டு மூன்று ஆண்டுக்குள் நல்ல தள்ளுபடியில் ஒரு பிரதி சொந்தமாக வாங்கிவிடுங்கள், கூடுதல் கார் தொகுப்புகள் வேண்டுமென்றால் அவற்றையும் அப்போதே.

நான்காவது பாகம் இன்னும் வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. வட்டு போடும் வசதியுள்ள எக்ஸ்பாக்ஸ் உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால், எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்காக அச்சான பழைய வட்டை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். அது இன்றும் ஓடும். வட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, வட்டமாக ஓடும் ஆழமான கீறல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் மெல்லிய கீறல் பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. பெட்டிக்குள் கூடுதல் தொகுப்புக்கான குறியீட்டுச் சீட்டு இருந்தால் அதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், முந்தைய உரிமையாளர் அதைப் பயன்படுத்தியிருப்பார்.